ஆக்ஸிலேட்டர் கேபிளும் பூங்கொடியின் வலது காலும்

எங்கள் தொழிலில் நின்றுபோன வண்டி சோறு போடும். நிற்க மாட்டேன் என்கிற வண்டிதான் வயிற்றைக் கலக்கும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைரோடு ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். பட்டிருந்தால் அது என்னுடையது. மலை ஏறப் பயப்படுகிற பழைய கார்களும், ஏறி இறங்கிய அலுப்பில் புகை கக்குகிற பழைய கார்களும் என்னிடம்தான் வரும். புதுக் கார்க்காரர்கள் எதிரே உள்ள கடையில் டீ குடித்துவிட்டு, என் வாசலில் டம்ளரைக் கழுவி ஊற்றிவிட்டுப் போவார்கள்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் நம்ம ஆள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்து வாசலில் நிறுத்தாமல் தெருக்கோடியில் நிறுத்துகிறவர். "இன்னும் இதையேவா வெச்சிருக்கீங்க?" என்ற கேள்விக்குச் சிரித்துச் சிரித்தே தாடை வலித்தவர். உங்களுக்கு ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இருந்தாலும், புதுக் கார் வைத்திருக்கிற உங்கள் மைத்துனர் ஓசியில் படித்தாலும் படிப்பார் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பி, உறை போட்ட கம்பி. சைக்கிள் பிரேக் கம்பிக்கு அண்ணன் முறை. மிதித்தால் கம்பி இழுக்கும், கார்புரேட்டரில் ஒரு சின்ன நெம்புகோல் திறக்கும், வண்டி வேகம் பிடிக்கும். காலை எடுத்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங் என்கிற சுருள் அந்த நெம்புகோலைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். கம்பி துருப்பிடித்தோ, பிரிந்தோ, எதிலாவது சிக்கியோ நின்றுவிட்டால், நீங்கள் காலை எடுத்தது இன்ஜினுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். அப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், பிரேக்கை அழுத்துங்கள், சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புங்கள். சாவியை உருவிவிடாதீர்கள்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகிறது. நம்பவைப்பதற்குத்தான் நாக்கு தள்ளுகிறது.

ஃபேர்லேண்ட்ஸ் பிரதட்சிணம்

சேலத்து ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பெரியவர். ரிட்டயரானவர். காரைச் சனிக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார், பெருமாள் கோயிலுக்குப் போய்வர. மற்ற நாளெல்லாம் அது போர்வை போர்த்தித் தூங்கும். அப்படித் தூங்கித் தூங்கியே அதன் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, தெருமுனை திரும்புவதற்குள் கம்பி பாதி இழுத்த நிலையில் மாட்டிக்கொண்டது. மனுஷன் சாமர்த்தியசாலி. மெயின் ரோட்டுக்குப் போகாமல் ஒவ்வொரு முனையிலும் இடது பக்கமே திருப்பி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே, தன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்ற மனைவியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வார்த்தைக்குத்தான் அவகாசம். முதல் சுற்றில் "கேபிள்!" என்றார். அடுத்த சுற்றில் "மெக்கானிக்!" என்றார். அதற்கடுத்த சுற்றில் "போன்!" என்றார். அந்த அம்மாள் மூன்றையும் கோத்துப் புரிந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். சாவியைத் திருப்பச் சொல்லிக் கத்துங்கள் என்றேன். கத்தினார். "சொல்லிட்டேன், மாட்டேன்னு தலையை ஆட்டிண்டே போறார்" என்றார். நான் பைக்கை விரட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது கார் தானாகவே நின்றிருந்தது. பெட்ரோலைக் கண்மருந்து மாதிரி ஊற்றுகிறவர், அதனால் டேங்க் காலியாகிவிட்டது. சாவியை ஏன் சார் திருப்பவில்லை என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சந்தேகமாகப் பார்த்துச் சொன்னார்:

"ஓடற வண்டில சாவியைத் திருப்பினா இன்ஜின் நின்னுடாதா தம்பி?"

மதிலுக்குள் புகுந்த முட்டை வண்டி

பூங்கொடிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். பண்ணைகளில் முட்டை எடுத்து, பின்சீட்டை மடக்கிய பழைய காரில் அடுக்கி, சேலத்து மெஸ்களுக்கும் ஏற்காட்டு லாட்ஜுகளுக்கும் போடுகிறவர். கார், அவர் கல்யாணத்துக்கு அவருடைய அப்பா கொடுத்தது. மலை ஏறுமுன் என் வாசலில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு முட்டை உடையாமல் ஓட்டுவார். நான் ஓட்டினால் ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கார் ஒருநாள் மினி லாரியின் முதுகில் ஏறி என்னிடம் வந்தது. முன்பக்கம் சப்பை, உள்ளே எங்கே தொட்டாலும் முட்டை. நடந்தது இது. ஊருக்குள் வாய்க்கால் பாலத்து ஏத்தத்தில், பாரம் இழுப்பதற்காக ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்திருக்கிறார். ஏறியதும் காலை எடுத்தார். வண்டி கேட்கவில்லை. எதிரே சொசைட்டியில் பால் ஊற்ற ஜனம் நிற்கிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டியை ஒடித்து, ஆளில்லாத பக்கம் விட்டார். அந்தப் பக்கம் இருந்தது கொழுந்தனார் புதிதாகக் கட்டி, உச்சியில் இரண்டு சிங்கத் தலை வைத்திருந்த மதில். யாருக்கும் கீறல்கூட இல்லை, சிங்கங்களைத் தவிர.

வீட்டார் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். புருஷன் செங்கோட்டுவேல் தறி வைத்திருப்பவர். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் தம்பி வீட்டு மதிலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சரிபண்ணி வையுங்கள், வித்துவிடலாம், இனிமேல் இவள் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பூங்கொடி என் பக்கம் வந்தார். அழவில்லை. கையில் காய்ந்திருந்த மஞ்சள் கருவைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"விக்கறதுன்னா வித்துக்கட்டுமுங்க. ஆனா என்ற காலு பிரேக்குலதான் இருந்துச்சு. அதை மட்டும் கண்டுபுடிச்சு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

சம்சாரத்தின் கையில் வேகம்

சங்ககிரியில் ஒரு லாரி ஓனர். லாரிகளுக்கு ஒன்று என்றால் ஓடி ஓடிப் பார்ப்பார்; வீட்டுக் காருக்கு மட்டும் கட்டுக்கம்பியும் கயிறும்தான் வைத்தியம். ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் கேபிள் அறுந்துவிட்டது. மனுஷன் அசரவில்லை. கார்புரேட்டர் நெம்புகோலில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, இடதுபக்க ஜன்னலுக்குள் விட்டு, மறுமுனையைச் சம்சாரத்தின் கையில் கொடுத்துவிட்டார். அவர் "இழு" என்றால் அந்த அம்மா இழுக்க வேண்டும், "உடு" என்றால் விட வேண்டும். அவரவர் வேலையை அவரவர் பார்த்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

வழியில் பேச்சு மொய்யில் ஆரம்பித்து, அந்த அம்மாவின் அண்ணனிடம் போய் நின்றிருக்கிறது. அண்ணனைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொன்னார், வண்டி பாய்ந்தது. "உடு" என்றார். விடவில்லை. கோபத்தில் அண்ணனைப் பற்றி இன்னொன்று சொன்னார். அது இன்னும் மோசம். கடைசியில் ஒரு சோளக்காட்டில் இறங்கித்தான் நின்றிருக்கிறது. ரெண்டு பேரும் பட்டுடுத்தி, தலையில் சோளத்தோகையோடு என் ஒர்க்‌ஷாப்பில் வந்து இறங்கினார்கள். உடு என்றதும் விட்டிருக்கலாமே அம்மா என்று பணிவாகத்தான் கேட்டேன். அந்த அம்மா கயிற்றுத் தடம் விழுந்த உள்ளங்கையை எனக்குக் காட்டினார்:

"அவரு எங்கண்ணனை உடற வரைக்கும் நான் எப்பிடீங்க கயித்தை உடறது?"

ஆளுக்கொரு தீர்ப்பு

பூங்கொடி காரின் கேபிளை நான் கழற்றினேன். புதுசு மாதிரி வழுக்கிக்கொண்டு போய்வந்தது. நெம்புகோல் சுத்தம். ரிட்டர்ன் ஸ்பிரிங் வெடுக்கென்று இழுத்தது. என்னுடைய டிங்கர் மாது, ஆத்தூர்க்காரர், சப்பையான முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி முடித்ததும், ரெண்டு பேருமாக அதில் மலை ஏறினோம். இன்ஜின் சூடேற ஏற, ஒவ்வொரு வளைவிலும் முழுசாக மிதித்து மிதித்துக் காலை எடுத்தேன். சொன்ன பேச்சைக் கேட்டது. அவ்வளவு நல்ல பிள்ளையாக ஒரு பழைய காரை நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் காரைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது. டீக்கடைக்காரர், பஞ்சர் ஒட்டுகிறவர், காற்றடிக்க வந்தவர், யாராக இருந்தாலும் "யார் ஓட்டினது?" என்று கேட்பார்கள். சொன்னதும் "ஓ..." என்பார்கள். அந்த ஒரு ஓவில் கேஸ் முடிந்துவிடும். ஃபேர்லேண்ட்ஸ் பெரியவர் தன் வீட்டையே சுற்றியபோது யாரும் அவர் காலைப் பற்றிப் பேசவில்லை, பாவம் பழைய வண்டி என்றுதான் சொன்னார்கள். பூங்கொடியோ ரெண்டு கையிலும் முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, மலைக்குப் போகும் அடுத்த பஸ் வரும்வரை என் வாசலில் நிற்பார். காரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவார்.

ஒரு நாள் சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைப் பார்த்தேன். பிரேக் கட்டைகள் கருகிக் கிடந்தன. இன்ஜின் முழு வேகத்தில் இழுக்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்தினால்தான் அப்படிக் கருகும். எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. சந்தோஷத்தில் கை கழுவக்கூட இல்லை, செங்கோட்டுவேலுக்குப் போன் போட்டேன். உங்கள் வீட்டம்மா பிரேக்கைத்தான் மிதித்திருக்கிறார், கட்டையே சாட்சி என்றேன். அவர் பின்னால் ஓடிய தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்:

"ரெண்டையும் சேத்து மிதிச்சிருப்பாளுங்க. காலு ரெண்டு இருக்குதில்லீங்?"

ஆயிரம் அடிக்குத் தாங்கும் கிரீஸ்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர், வடக்கே எங்கெங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு ஊர் திரும்பியவர், கார் கேபிள் கிறீச்சிடுகிறது என்று தன் கைவசம் இருந்த ரிக் கிரீஸை உறைக்குள் அடைத்துவிட்டார். அது பாறையைக் குடைகிற இரும்புக்குப் போடுவது. வெயிலில் ஒரு மாதிரி ஓடியது. மார்கழிக் காலையில் கிரீஸ் இறுகிப்போய், மிதித்தால் வண்டி போனது, காலை எடுத்தால் யோசித்துவிட்டு மெதுவாக அடங்கியது. அந்த யோசனை முடிவதற்குள் டோல்கேட் தடுப்பைத் தாண்டி நின்றது. கிரீஸையெல்லாம் வழித்தெடுத்து, கேபிளை மாற்றி, இனிமேல் ரெண்டு சொட்டு எண்ணெய் போதும் என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை:

"ஆயிரம் அடிக்குக் கீழயே தாங்குற கிரீஸுங்க, உங்க ரெண்டு அடிக் கம்பிக்கு ஆகலைன்னா கோளாறு கம்பிலதானுங்களே?"

கட்டை வைத்த அப்பா

நாமக்கல்லில் ஒருவர், மகன் வேகமாக ஓட்டுகிறான் என்று ஆக்ஸிலேட்டர் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, பாதிக்கு மேல் மிதிக்க முடியாமல் செய்துவிட்டார். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மகன் அன்று பஸ்ஸில் போய்விட்டான். அப்பா காரை எடுத்தார். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் கட்டை புரண்டு பெடலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாவியைத் திருப்பத் தெரிந்தவர் என்பதால் பிழைத்தார். என்னிடம் வந்தவர் கட்டையைப் பற்றி மூச்சே விடவில்லை. கேபிள் என்றார், கார்புரேட்டர் என்றார், பெட்ரோலில் கலப்படம் என்றார். சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைப் பையன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி. பொறகு அவன் என்ற பேச்சையே கேக்க மாட்டான்."

கை மாறும் நாள்

பூங்கொடியின் காருக்கு ஆள் கிடைத்துவிட்டது. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துச் செங்கோட்டுவேல் ஒரு புரோக்கரோடு வந்து இறங்கினார். கையில் கோயில் பை. வண்டி கை மாறுமுன் ஒரு பூஜை போட்டுவிட வேண்டும் என்றார். பூங்கொடியும் வந்திருந்தார். முட்டைகளை மலையில் போட்டுவிட்டு, காலி அட்டைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு, ஒதுங்கி நின்றார். அப்பா கொடுத்த கார் போகிறது என்பதைவிட, காலின் மேல் விழுந்த பழி அப்படியே இருக்கப் போகிறது என்பதுதான் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. ஜாக்கி போட்டு நிறுத்தியிருந்த வேறொரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் செங்கோட்டுவேலின் பாதமும், உருண்டு வந்த ஒரு எலுமிச்சம்பழமும்தான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. பானெட் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கற்பூர வாசனை வந்தது.

புரோக்கர் வண்டியின் இழுவையைப் பார்க்க வேண்டும் என்றார். நான் வெளியே ஊர்ந்து வந்து சாவியை எடுப்பதற்குள் செங்கோட்டுவேல் எடுத்துக்கொண்டார். என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னார். பின்சீட்டை நிமிர்த்திப் புரோக்கர் உட்கார்ந்தார், அவர் பக்கத்தில் மடியில் முட்டை அட்டைகளோடு பூங்கொடி. மாது கையில் சுத்தியலோடு வழியனுப்ப வந்தார். இப்போதுதான் நிமிர்த்திய தகரம், பார்த்து ஓட்டுங்கள் என்றார். செங்கோட்டுவேல் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டு, பின்சீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார்:

"நானே ஓட்டிக் காட்டறேனுங்க. வண்டில ஒரு கோளாறும் இல்லைன்னு எல்லாத்துக்கும் தெரியோணுமில்ல."

திப்பிக் களம்

பைபாஸ் மேம்பாலம் வரை நன்றாகத்தான் போனது. பாலத்து ஏத்தத்தில் புரோக்கர் "நல்லா மிதிங்க பாப்போம்" என்றார். செங்கோட்டுவேல் தரையோடு தரையாக மிதித்தார். உச்சிக்கு வந்ததும் காலை எடுத்தார். வண்டி வேகத்தை விடவில்லை. இறக்கத்தில் இன்னும் வேகம் பிடித்தது. "காலை எடுங்க" என்றார் பூங்கொடி பின்னாலிருந்து. "எடுத்துட்டன்டி!" "அப்ப பிரேக்க மிதிங்க." "பிரேக்கத்தான்டி மிதிக்கறேன்!" என்று அவர் கத்தினார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும், அந்த அவசரத்திலும் நான் திரும்பிப் பூங்கொடி முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதற்குள் எதிரே ஒரு லாரி வந்துவிட்டது. செங்கோட்டுவேல் இடதுபக்கம் ஒடித்தார். கியரை நான் நியூட்ரலுக்குத் தட்டுவதற்கும், நாங்கள் ஒரு வெள்ளைக் குன்றுக்குள் புகுவதற்கும் சரியாக இருந்தது.

ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவெடுத்தபின் மிஞ்சுவது திப்பி. அதைக் களத்தில் காயவைத்துக் குவித்திருந்தார்கள். மெத்தை மாதிரி தாங்கிக்கொண்டது. நாற்றம் மட்டும் மெத்தை மாதிரி இல்லை. நாலு பேரும் இறங்கினோம், நாலு பேரும் வெள்ளை. புரோக்கருக்குப் புருவமே தெரியவில்லை. செங்கோட்டுவேல் களத்தின் நடுவில் நின்று இருமிக்கொண்டிருந்தார், செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

கார் மட்டும் அடங்கவில்லை. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை, பெடலில் கால் இல்லை, இன்ஜின் உச்சக் குரலில் அலறிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பப் போன என்னைப் பூங்கொடி கையைக் காட்டி நிறுத்தினார். கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார், எல்லோருக்கும் உள்ளே தெரிகிற மாதிரி. இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி புருஷனைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"இப்ப மிதிக்கறது யாரு காலுங்க?"

கயிறு

இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டரில், கேபிளும் நெம்புகோலும் சேருகிற இடத்தில், புத்தம் புதுக் கோயில் கயிறு ஒன்று கட்டியிருந்தது. கறுப்பும் சிவப்பும் முறுக்கியது. அதன் நீட்டிக்கொண்டிருந்த வால், முழுசாக மிதித்தபோது நெம்புகோலுக்கும் அதைத் தாங்குகிற தகட்டுக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. பாதி மிதித்தால் சிக்காது. முழுசாக மிதித்தால் விடாது. தறிக்காரர் போட்ட முடிச்சு வேறு. நூல் அறுந்தாலும் அவர்கள் முடிச்சு அவிழாது. கட்டிங் பிளேயரால் வெட்டித்தான் எடுத்தேன். இதை எதற்கு இங்கே கட்டினீர்கள் என்றேன். "இஞ்சினுக்கு உசுரு அங்கதானுங்களே" என்றார். மதிலில் மோதியதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை; அன்றைக்கும் இங்கேதான் கட்டினீர்களா என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். அப்படியானால் அந்தக் கயிறு எங்கே? "மதில்ல மோதினப்பறம், கண்ணு பட்ட கயிறு வண்டில இருக்கக் கூடாதுன்னு நானே அவுத்துக் காவேரில உட்டுட்டனுங்க." நான் மலை ஏறி இறங்கித் தேடிய கோளாறு, அப்போதே ஆற்றோடு போயிருந்தது. இன்றைக்கு அதே கை, அதே பக்தி, அதே இடம், இன்னொன்று.

புரோக்கர் திப்பியைத் தட்டிக்கொண்டே, இழுவை நன்றாக இருக்கிறது, ஆனால் தன்னை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். பூங்கொடி புருஷனிடம் போனை நீட்டினார். தம்பிக்குப் பேசச் சொன்னார். அவர் தள்ளிப்போய்ப் பேசப் பார்த்தார். "இங்கயே நின்னு பேசுங்க" என்றார் பூங்கொடி. செங்கோட்டுவேல் பேசினார். "மதிலு விசயந்தான்டா... காலு இல்லடா, கயிறு... எந்தக் கயிறா? நான் கட்டுன கயிறுதான்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது, இவருடைய காது மட்டும் திப்பிக்குள்ளிருந்து சிவப்பாகத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் அதைப்போல ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. கையிலிருந்த கயிற்றைத் தூக்கிப் போடப் போனேன். பூங்கொடி வாங்கிக்கொண்டார். திப்பியை ஊதிவிட்டு, உள்ளே கண்ணாடியில் கட்டினார். அதை எதற்கு மறுபடியும் கட்டுகிறாய் என்று செங்கோட்டுவேல் சுரத்தில்லாமல் கேட்டார். பூங்கொடி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்:

"சாமி கயிறு சும்மா போகலீங்க. வண்டி என்ற கைய உட்டுப் போகாமப் பாத்துக்கிச்சில்ல."

பிறகு அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் முட்டை அட்டைகளோடு புருஷன் பக்கத்தில் உட்கார, நான் பின்சீட்டில் ஏற, காரைக் களத்திலிருந்து பின்னுக்கு எடுத்து ரோட்டில் ஏற்றினார். ஏற்றிய மறுகணமே "பாத்து, பாத்து, காலை எடு" என்று இடதுபக்கத்திலிருந்து சத்தம் வந்ததைக் கேட்டபோதுதான் எனக்குப் பட்டது, கேபிளுக்கு இருக்கிற ரிட்டர்ன் ஸ்பிரிங் மாதிரி பக்கத்து சீட்டுக்காரர் வாய்க்கும் ஒன்று எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலாவது கிடைத்தால், என் ஒர்க்‌ஷாப்பில் பாதி வேலை குறைந்துவிடும் என்று.